கதையில் வருகிற அந்த அம்மாள்

"ஒரு க்ருஹத்தில் ஓர் அம்மாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பக்கத்தாத்து மாமியோடு வம்பு பேசப் போனாள்" என்று ஸ்ரீரங்கத்தில் யாராவது உங்களிடம் ஒரு கதையை ஆரம்பித்தால், அந்த அம்மாள் நான்தான். பால் பொங்கி வழிந்தது உண்மை. வம்பு பேசப் போனது மட்டும் பச்சைப் பொய். காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவருக்குக் கதவைத் திறந்துவிடப் போனேன். ஆனால் காஸ் சிலிண்டரை வைத்தால் கதையில் தத்துவம் ஒட்டாதாம். வம்பு பேசப் போனாள் என்றால்தான் அலைபாய்கிற மனசைப் பற்றிச் சொல்ல வசதியாக இருக்குமாம். இப்படி என்னிடம் விளக்கம் சொன்னவர் என் கணவர். கதையைச் சொன்னவரும் அவரேதான்.

அவர் உபன்யாசம் செய்கிறவர். அப்பா, தாத்தா என்று வழிவழியாக அதே வேலை. நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு வீட்டில் ஒருத்தர் எதற்கும் நிரூபணம் கேட்க, இன்னொருத்தர் எதற்கும் கதை சொல்ல, இத்தனை வருடம் எப்படித்தான் ஓடியதோ! ஓடிவிட்டது.

அவருடைய உபன்யாசம் ஒரு முறையில் போகும். முதலில் ஒரு பாட்டு. பிறகு பதம் பிரித்துப் பொருள். பிறகு பெரியவர்கள் சொன்ன விளக்கம். இதற்குள் மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தலை தொங்க ஆரம்பிக்கும். ஆண்கள் பக்கம் தூணோரமாக உட்கார்ந்திருப்பவர்கள் தூணோடு ஐக்கியமாகிவிடுவார்கள். அப்போது அவர் லேசாகத் தொண்டையைச் செருமி, "இதுக்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்றேன்" என்பார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் நிமிர்ந்து உட்காரும். திருஷ்டாந்தம் என்றால் உவமையாகச் சொல்கிற சின்னக் கதை. தத்துவத்துக்குத் தூங்கினவர்கள் பாலுக்கு விழித்துக்கொள்வார்கள்.

அந்தத் திருஷ்டாந்தங்களையெல்லாம் அவர் வெளியே தேடிப் போவதில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே கிடைத்துவிடுகிறது. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடின அம்மாள் நான். உள்ளேயே இருக்கும் பெருமாளை வெளியே தேடுகிறோம் என்பதற்கு அது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று மறந்து சாதத்தைக் குழைய விட்ட அம்மாளும் நான். வாய் ஜபம் பண்ண மனசு எங்கோ போவதற்கு அது. மொட்டை மாடியில் வடாத்துக்குக் காவல் உட்கார்ந்து, கண் அசந்த நேரத்தில் காக்காய்க்குப் பறிகொடுத்தது எதற்கு என்று இப்போது நினைவில்லை. வடாம் போனது நினைவிருக்கிறது.

உத்தர வீதியில் நான் காய் வாங்கப் போனால் போதும், "என்ன மாமி, பாலை இறக்கி வச்சுட்டு வந்தேளா?" என்று ஒருத்தி கேட்பாள். கூடைக்காரம்மாகூட விடமாட்டாள். "ஏம்மா, விசிலு எண்ணிட்டு வந்தீங்களா?" என்பாள். அவள் மண்டபத்துக்கு உள்ளேயே வருவதில்லை. வாசலில் உட்கார்ந்து கீரை விற்றுக்கொண்டே ஒலிபெருக்கியில் கேட்கிறவள்.

பள்ளியில் இருந்தபோது இதை ஒருநாள் ஆசிரியைகள் அறையில் சொல்லிப் புலம்பினேன். பக்கத்து மேஜையில் அறிவியல் டீச்சர். பழைய டவுனில் வீடு, அவருடைய அப்பா பள்ளிவாசலில் பயான் என்கிற பிரசங்கம் செய்கிறவர். கேட்டுவிட்டுச் சிரித்தாரே ஒரு சிரிப்பு!

"டீச்சர், நீங்களாச்சும் பரவாயில்லைங்க. எங்க அத்தா, 'ஒரு வீட்ல ஒரு பொண்ணு, காலைத் தொழுகைக்கு எழுந்திரிக்காம போர்வையை இழுத்து மூடிக்கிட்டா'ன்னு ஆரம்பிப்பாரு. நான் அங்க இல்லை, ஆனா எங்கண்ணன் உட்கார்ந்திருப்பான். வீட்டுக்கு வந்து, 'ஏ போர்வை, டீ போடு'ம்பான். கல்யாணமாகிப் போற வரைக்கும் எனக்கு அதாங்க பேரு."

எந்த மதத்து உபதேசமானாலும் சரி, உபதேசம் பண்ணுகிறவர் வீட்டில் ஒருத்தி அகப்பட்டுக்கொண்டு முழிக்கிறாள் என்று அன்றைக்கு நாங்கள் இருவரும் தீர்மானம் நிறைவேற்றினோம். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டோம்.

எனக்குத் திருஷ்டாந்தங்கள் மேல் வேறொரு கோபமும் உண்டு. கணக்கில் ஒரு படியைத் தாண்டிப் போனால் மதிப்பெண் கிடையாது. கதையிலோ, ராஜா ஞானம் வந்து எல்லாவற்றையும் விட்டுக் காட்டுக்குப் போனான் என்பதோடு முடிந்துவிடும். சரி, மறுநாள் ராஜ்யத்தை யார் பார்த்தார்கள்? ராணி அன்றைக்கு என்ன சாப்பிட்டாள்? கேட்டால் என் கணவருக்குச் சிரிப்பு வரும்.

"நீ கதை கேக்கறதில்லைடி. ஆடிட் பண்றே" என்பார்.

இதுவரை சொன்னதெல்லாம் வேடிக்கை. இனிமேல் சொல்லப் போவது என் தங்கையைப் பற்றி.

எனக்குக் கூடப்பிறந்தவள் என்று இருப்பது அவள் ஒருத்திதான். என்னைவிடச் சில வயது சின்னவள். கே.கே. நகரில் வீடு. கணவர் போய் வெகுகாலம் ஆயிற்று, ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையின் நிச்சயதார்த்தத்தில்தான் வினை வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு நான் அவளுக்கு நேர் பின்னால் நிற்கிறேன். பெண்ணின் அப்பா அவளிடம், "உங்க அத்திம்பேர் என்ன பண்றார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அக்காள் கணவரை எங்கள் வீடுகளில் அத்திம்பேர் என்போம்.

"அத்திம்பேரா? கதை சொல்லிப் பொழைக்கறார்" என்று சொல்லி என் தங்கை சிரித்தாள். "எங்கக்கா உத்தியோகத்துலதான் குடும்பமே ஓடித்து!"

பெண் வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். என் கணவர் சற்றுத் தள்ளி நாற்காலியில் இருந்தார். காதில் விழாமல் இருந்திருக்காது. கையில் இருந்த வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைப் பார்த்துத்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பந்தியில் கூப்பிட்டார்கள், உட்கார்ந்தேன். இலை போட்டு, திருக்கண்ணமுதும் பரிமாறியாயிற்று. திருக்கண்ணமுது என்றால் பாயசம்தான், ஸ்ரீரங்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஒரு வாய் வைக்கப் போனேன், வைக்கவில்லை. எழுந்துவிட்டேன். போட்ட இலையிலிருந்து சாப்பிடாமல் எழுந்திருப்பது எங்கள் வீடுகளில் சாதாரணக் காரியம் இல்லை. பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. என் தங்கையும் பார்த்தாள். அவரும் பின்னாலேயே எழுந்து வந்தார். ஆட்டோவில், "அக்காரவடிசில் அடுத்த இலை வரைக்கும் வந்துடுத்து" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அதோடு பேச்சு நின்றது. கல்யாணத்துக்கு அவர் மட்டும் போய் அட்சதை போட்டுவிட்டு வந்தார். அவள் போன் பண்ணினாள், நான் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. இப்படியே மூன்று வருடம்.

போன கார்த்திகையில் கோயிலில் ஓர் உறவுக்காரியைப் பார்த்தேன். "உன் தங்கை பிள்ளையோட இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போறாளாமே, ஒரேயடியா? தை பொறந்தா கெளம்பறாளாம். ஆத்தைக் காலி பண்ணிண்டிருக்கா" என்றாள்.

"பேஷா போகட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குச் சாத்தமுதில், அதாவது ரசத்தில், இரண்டு தடவை உப்புப் போட்டேன். எங்கள் இரண்டு பேர் வயசுக்கும், இப்படிப் போனால் திரும்பப் பார்ப்பது நிச்சயம் இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, ஜங்ஷனில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் கே.கே. நகர். எவ்வளவு தூரம்? ஆனால் நான் ஏன் போக வேண்டும்? வார்த்தையை விட்டவள் அவள். அவள்தான் வர வேண்டும். இப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன், மார்கழி பிறந்துவிட்டது.

மற்ற மாதங்களில் சனிக்கிழமை காலை மட்டும்தான், மார்கழியில் அவருக்குத் தினமும் காலையில் உபன்யாசம். மண்டபக் கமிட்டிக்காரர்கள் அதைச் செல்போனில் படம் பிடித்து நேரலையாகவும் விடுகிறார்கள், வெளியூர்க்காரர்கள் பார்ப்பார்கள் என்று. நான் பெண்கள் பக்கம், வழக்கமான தூணுக்குப் பின்னால். அன்றைக்கும் தொண்டையைச் செருமினார். திருஷ்டாந்தம் ஆரம்பித்தது.

"ஓர் ஊர்ல ஓர் அக்கா, ஒரு தங்கை. ஒரு நாள் தங்கை ஒரு வார்த்தை சொல்லிட்டா. அக்கா போட்ட இலையிலேர்ந்து எழுந்துட்டா."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. பக்கத்தில் இருந்த மாமிகள் ஒவ்வொருத்தராக என் பக்கம் கழுத்தைத் திருப்பினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். தங்கை கடல் தாண்டிப் போகப் போகிறாள். அக்காவுக்குக் கோபம் பெரிதா, தங்கை பெரிதா என்று புரியவில்லை. ஜீவாத்மாவுக்கும் இதே கதிதான், அகங்காரம் காலைக் கட்டிப் போடுகிறது. இப்படி வந்தது கதை.

"ஒரு நாள் கார்த்தால அக்கா எழுந்தா. வாசல்ல கோலத்தைப் போட்டா. கதவைச் சாத்தினா. செருப்பை மாட்டிண்டா..." என்று நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தார். "மீதியை நாளைக்கு அனுபவிப்போம்."

இது அவருடைய தொழில் சாமர்த்தியம். கதையை நல்ல இடத்தில் வெட்டினால்தான் மறுநாள் கூட்டம் வரும். எங்கே வெட்ட வேண்டும் என்பதை அவர் தன் அப்பாவிடம் கற்றாராம்.

வீட்டுக்கு வந்து அவர் குடையை மாட்டுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"யாரைக் கேட்டு என் செருப்பை மாட்டினேள்?"

"அது கதைடி."

"கதையா? உங்களுக்காக என் கூடப்பிறந்தவளை விட்டுட்டு உட்கார்ந்திருக்கேன். நீங்க அதை மண்டபத்துல கொண்டுபோய்க் கடை விரிக்கறேளா?"

"நான் விடச் சொல்லலையே" என்றார் அவர்.

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் முன்னால் அழ மனமில்லை, அதனால் இன்னும் கத்தினேன். "இனிமே என் பால், என் குக்கர், என் மூக்குக் கண்ணாடி, என் தங்கை, ஒண்ணும் மண்டபத்துக்கு வரக்கூடாது. சொல்லிட்டேன். எனக்குத் திருஷ்டாந்தமா இருந்து அலுத்துப் போச்சு."

"சரி" என்றார். அவருக்கு ஒரு குணம், சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் மண்டபத்தில் ஒரு ராஜா வந்தான். அதற்கு மறுநாள் ஒரு யானை, முதலையும் கூட வந்ததாகக் கேள்வி. பிறகு கப்பலில் போன ஒரு வியாபாரி. நான் மண்டபத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன், வீட்டிலிருந்தே ஒலிபெருக்கியில் கேட்டது. அவர் குரலிலேயே சுரத்தில்லை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நடுவில் எழுந்து, "சுவாமி, அந்த அக்கா செருப்பை மாட்டிண்டு எங்க போனா?" என்று கேட்டே விட்டார். "அதை அப்புறம் பார்ப்போம்" என்று இவர் சமாளித்தார். தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம், "மாமி, இன்னும் கெளம்பலையா?" என்றார்கள். கூடைக்காரம்மா அதற்கும் ஒரு படி மேலே போய், "ஏம்மா, செருப்பு அறுந்து போச்சா?" என்றாள். கீரை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

ஒரு நாள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "யானையை வச்சுண்டு எத்தனை நாள் ஓட்டறது? யானை என்ன பண்ணும்னு எனக்கு என்ன தெரியும்? நீ என்ன பண்ணுவேன்னுதான் எனக்குத் தெரியும்" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் இறங்கி வரவில்லை.

அதற்கு அடுத்த நாளோ, அதற்கும் அடுத்த நாளோ. அவர் மண்டபத்தில் இருந்தார். நான் தளிகைக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது, ஒரு தடவை இல்லை, விடாமல். யாருக்கு இவ்வளவு அவசரம் என்று திட்டிக்கொண்டே போய்த் திறந்தேன்.

என் தங்கை நின்றாள்.

மேலே ஸ்வெட்டர், கீழே கசங்கின புடவை, கையில் ஒரு துணிப்பை. தலை சரியாகப் பின்னவில்லை. காலில் வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு. அதோடேயே காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறாள். என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். பிறகு என் இரண்டு தோளையும் பிடித்து, கத்தரிக்காயை அமுக்கிப் பார்ப்பதுபோல் அமுக்கினாள்.

"இருக்கியா?" என்றாள்.

"இல்லாம எங்க போவேன்?" என்றேன். மூன்று வருடம் கழித்து நாங்கள் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

அப்படியே வாசலை அடுத்த ரேழியில் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் இருந்த கத்தியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"என்னடி ஆச்சு? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவனுக்கென்ன, நன்னா இருக்கான். உனக்குத்தான் என்னமோ ஆயிடுத்துன்னு நெனச்சேன். செருப்பை மாட்டிண்டான்னு சொன்னாரே அத்திம்பேர். நீ வரப்போறேன்னு உட்கார்ந்திருந்தேன். பால் வாங்கி திருக்கண்ணமுதுகூடப் பண்ணி வச்சேன். மறுநாள் பார்த்தா ராஜா வரான். அதுக்கு மறுநாள் யானை. உன்னையே காணோம். கெளம்பினவ வழியில என்ன ஆனாளோ, ஏதாவது ஆஸ்பத்திரியில கெடக்கறாளோ, அதனாலதான் அத்திம்பேர் உன் பேச்சையே எடுக்கலையோன்னு எனக்கு ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லை."

அப்போதும் எனக்கு உடனே விளங்கவில்லை. "நீ அவர் உபன்யாசத்தைக் கேக்கறியா?" என்றேன்.

"ஒண்ணு விடாம கேக்கறேன்."

"எத்தனை நாளா?"

"நீ போனை எடுக்காம போனதுலேர்ந்து."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முட்டி வலியில் மெதுவாகத்தான் உட்கார முடிந்தது. அவள் என் முட்டியைப் பார்த்து, "இன்னும் சரியாகலையா? நல்லெண்ணெய் தேய்ச்சுண்டியோன்னோ?" என்றாள். முட்டி வலி எனக்கு வந்ததே போன வருடம்தான். அதையும் அவர் சொல்லியிருக்கிறார், முட்டி வலியோடு கோயில் படி ஏறின அம்மாள் என்று.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாக்குக்கட்டித் தூள் ஒட்டின புடவையைத் துவைக்காமல் மடித்து வைத்தது தெரிந்திருந்தது. கண்ணில் புரை எடுத்தது தெரிந்திருந்தது. வடாம் போனதும் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டாள், நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

"போன ஆவணியில குளியல் ரூம்ல விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்துண்டியே, அது தேவலையா?"

"இடுப்பா? எனக்கா? ஐயோ, அது எதிராத்து மாமிடி!"

அவள் வாயைப் பிளந்தாள். "கதையில ஓர் அம்மாள்னுதானே சொன்னார்?"

"எல்லா அம்மாளும் நானா? சில அம்மாள் எதிராத்து மாமி. சில அம்மாள் அவரே கட்டிவிட்டது."

"அந்த இடுப்புக்காக நான் பெருமாளுக்கு வேண்டிண்டு சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு பொழுது இருந்தேனே!"

"எல்லாம் எதிராத்து மாமிக்குப் போய்ச் சேர்ந்துடுத்து. அவர் இப்போ விறுவிறுன்னு நடக்கறார்" என்றேன்.

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். இரண்டு கிழவிகளும் ரேழியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஒலிபெருக்கியில் என் கணவர் ஏதோ ஒரு சிங்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"நீ எடுப்பியா?"

கத்தியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அத்திம்பேருக்காவது பண்ணியிருக்கலாமே?"

"எந்த மூஞ்சியை வச்சுண்டு?" என்றாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கதை சொல்லிப் பொழைக்கறார்னு வாய்க்கொழுப்புல சொன்னேன். மூணு வருஷமா எனக்கு அக்கான்னு ஒருத்தி அந்தக் கதையிலதான் இருக்கா."

எனக்கு அதற்கு மேல் கோபத்தைப் பிடித்துக்கொள்ளத் தெம்பில்லை. அவள் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அழுதேன், நன்றாகவே அழுதேன். வாசல் கதவு திறந்தே கிடந்தது, தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். போகட்டும், எப்படியும் நாளைக்கு மண்டபத்தில் தெரியத்தானே போகிறது என்று விட்டுவிட்டேன்.

துணிப்பையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. விடியற்காலையில் எழுந்து மறுபடி திருக்கண்ணமுது செய்து எடுத்து வந்திருக்கிறாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தால் அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று. "அன்னிக்கு இலையில விட்டுட்டு வந்தியே" என்றாள். இரண்டு கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிட்டோம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அவள் கை எப்போதும் அப்படித்தான்.

அவர் வந்தபோது வாசலில் அந்த ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றிருக்கிறார். உள்ளே வந்ததும் என் தங்கை எழுந்து நின்று, "அத்திம்பேர், நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேளா, இல்லையா?" என்று டப்பாவை எட்டிப் பார்த்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவளும் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பெருமாள் சத்தியமாகத் தெரியாது என்றார். முகத்தைப் பார்த்தால் பொய் மாதிரி இல்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மூணு வருஷமா நான் ஜீவாத்மாவைப் பத்திச் சொல்லிண்டிருந்தேன். இவ உன் முட்டியைப் பத்திக் கேட்டுண்டிருந்திருக்கா" என்றார். அதில் அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு என்னிடம், "மீதியை நாளைக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். முதல் தடவையாக என்னைக் கேட்டுச் செய்கிறார்.

"சொல்லுங்கோ. ஆனா நடந்தபடி சொல்லணும். செருப்பை மாட்டிண்டது அக்கா இல்லை, தங்கை. அப்புறம் அவா என்ன சாப்பிட்டான்னும் சொல்லணும்."

அப்படியே சொன்னார். நாங்கள் இருவரும் பெண்கள் பக்கத்தில் ஒரே தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டோம். ரயில்வேக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்தபோது கூடைக்காரம்மா என் தங்கையின் காலைப் பார்த்து, "ஓ, செருப்பு இவங்களதா!" என்றாள்.

தை பிறந்ததும் என் தங்கை கிளம்பினாள். அதுவரை பாதி நாள் நான் கே.கே. நகரில் இருந்து சாமான் கட்டிக் கொடுத்தேன். விமான நிலையத்தில் உள்ளே போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். எனக்குத் தாங்கவில்லை.

இப்போது தினமும் போனில் பேசுகிறோம். சனிக்கிழமை காலை இவர் உபன்யாசத்தையும் அவள் விடாமல் பார்க்கிறாள், அங்கே அப்போது மத்தியானமாம். "அதான் தெனம் என்னோட பேசறியே, அது எதுக்கு இன்னும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"போன்ல நீ நன்னா இருக்கேன்னுதானே சொல்லுவே" என்றாள்.

போன வாரம் கிணற்றடிப் பாசியில் வழுக்கிக் கால் பிசகிவிட்டது. வீங்கி, கட்டுப் போட்டிருக்கிறது. அவ்வளவு தூரத்தில் இருப்பவளை எதற்குக் கலவரப்படுத்துவது என்று, அன்றைக்கும் மறுநாளும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னேன். சனிக்கிழமை விடிந்ததும், கட்டுப் போட்ட காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒலிபெருக்கியில் தொண்டையைச் செருமுகிற சத்தம். "ஒரு க்ருஹத்தில் ஓர் அம்மாள், கிணத்தடியில் ஜாக்கிரதை இல்லாமல் காலை வச்சா..."

என்னைக் கேட்கவே இல்லை, மனுஷன்! கதை வாழைப்பட்டைக் கட்டு வரைக்கும்கூடப் போகவில்லை. போன் அடித்தது.

"அக்கா, உண்மையைச் சொல்லு" என்றாள் என் தங்கை. "அது நீயா, எதிராத்து மாமியா?"

"நான்தாண்டி" என்றேன். "இடது கால்."